பத்தி பதினேழு

தீர்ப்பில் பெயர் வரக்கூடாது என்பது விதி.
லலதியானா ரஸஃபிந்த்ராகோட்டோ என்ற நீள ரயிலை
இரண்டே பெட்டியாக்கி
லா. ரா. என்று எழுதியது நான்தான்.
தீர்ப்பாயப் பதிவகத்தில் எனக்கு அதுதான் வேலை:
பெயரைக் குறைப்பது, காற்புள்ளி பார்ப்பது,
பத்திகளுக்கு எண் போடுவது.

ஒன்பது வருஷம்.
டிசம்பருக்கு டிசம்பர் ஓராண்டு ஒப்பந்தம்.
விதைகளைப் பதிவு செய்யும் சர்வதேச அமைப்பு,
நான்காம் மாடி, ஏரி தெரியாத பக்கம்.
யார் யார் நிலத்திலோ முளைத்த நெல்லுக்கும்
மலைச்சரிவு உருளைக்கிழங்குக்கும்
கோப்பு எண் கொடுத்துக்கொண்டிருந்தாள்.
ஒன்பதாவது டிசம்பரில்
பதவியே இனி இல்லை என்றார்கள்.
பிப்ரவரியில் அதே மேசை, அதே ஜன்னல்,
கதவில் மட்டும் புது எழுத்து: ஆலோசகர்.
"என் நாற்காலியின் உயரத்தைக்கூட
யாரும் மாற்றவில்லை" என்று மனுவில் எழுதியிருந்தாள்.
அந்த வரி தீர்ப்பில் இல்லை.
சம்பந்தமற்றது என்று ஓரத்தில் பென்சில் குறி.

ஜெனீவா தொழிலாளர் நீதிமன்றம்
அங்கிருந்து டிராமில் நாலு நிறுத்தம்.
ஆனால் அந்தக் கட்டடத்துக்கு ஊர்ச் சட்டம் கிடையாது.
சுவிஸ் மண்ணில் நின்று
சுவிஸ் மழையில் நனைந்து
சுவிட்சர்லாந்தில் இல்லாமல் இருக்கிற கட்டடம்.
திரிசங்குவுக்காவது வாதாட ஒரு முனிவர் இருந்தார்.
அவளுக்கு நாங்கள்தான்.
வருஷத்துக்கு இரண்டு அமர்வு.

பத்தி பதினேழை நான் தட்டச்சு செய்வதில்லை.
பழைய தீர்ப்பிலிருந்து எடுத்து ஒட்டுவேன்:
*குறித்த கால ஒப்பந்தம் குறித்த நாளில் தானே முடிகிறது;
புதுப்பிக்கப்படும் என எதிர்பார்க்க
ஊழியருக்கு உரிமை இல்லை.*
'எதிர்பார்க்க'வுக்குப் பின்னால் இரண்டு இடைவெளி
எத்தனையோ தீர்ப்புகளாக அப்படியே வருகிறது.
இந்த முறை ஒன்றை அழித்தேன்.
என்னால் ஆனது.

மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஒத்துப்போகவில்லை.
ஸ்டெய்னுன் அம்மையார், ஐஸ்லாந்துக்காரர்,
ஒன்றரைப் பக்கம் தனியாக எழுதினார்.
எட்டு முறை எதிர்பார்த்தது எட்டு முறையும் நடந்ததே,
அதற்கு நாம் என்ன பெயர் வைப்போம் என்று கேட்டு
பெயர் வைக்காமலே கையெழுத்திட்டார்.

ஆனால் இன்னொன்று இருந்தது.
உள்முறையீட்டுக் குழு அவளுக்குப் பதில் சொல்ல
இருபத்தாறு மாதம் எடுத்துக்கொண்டது.
அந்தத் தாமதத்துக்கு இழப்பீடு: நாலாயிரம் பிராங்க்.
ஒன்பது வருஷத்துக்கு ஒன்றுமில்லை,
இல்லை என்பதை நேரத்தோடு சொல்லாததற்குக் காசு.
*ஏனைய கோரிக்கைகள் தள்ளுபடி.*

புதன்கிழமை தீர்ப்பு வாசித்தார்கள்.
நாற்பது நாற்காலியில்
அவளும் குறிப்பெடுக்க வந்த ஒரு சட்டக் கல்லூரிப் பையனும்.
பக்கத்துக் கட்டடத்தில் ஒன்பது வருஷம் வணக்கம் சொன்ன காவலர் ஒர்லாந்தோ
இப்போது எங்கள் வாசலுக்கு மாறியிருக்கிறார்.
கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கும்போது
அதன் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.
எட்டு வழக்கு, பதினோரு நிமிஷம்.
அவளுடையது ஐந்தாவது.

எல்லோரும் போன பிறகு என் மேசைக்கு வந்தாள்.
"லா. ரா., அது நான்தானே?"
ஆமாம் என்றேன்.
"இன்னொரு லா. ரா. இருந்தால்?"
தீர்ப்பு எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.
நாலாக மடித்துக் கைப்பேசி உறைக்குள் வைத்துக்கொண்டாள்.
"நாலாயிரத்தில் வக்கீலுக்கே மூவாயிரத்து எழுநூறு," என்றாள்.
சிரித்தாளா தெரியவில்லை;
குனிந்து கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று நவம்பர் பத்தொன்பது.
என் ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்று வரை. ஆறாவது.
அடுத்த கோப்பைத் திறந்தேன், பெயரைக் குறைக்க வேண்டும்.
அதற்கு முன் ஏனோ
இருக்கைக்கு அடியில் கையை விட்டு
அந்த நெம்புகோலைத் தேடினேன்.
ஆறு வருஷமாக இதில் உட்கார்கிறேன்.
ஒரு தடவைகூட ஏற்றவோ இறக்கவோ தோன்றியதில்லை.
இது யாருடைய உயரம்?