பத்து புள்ளி இரண்டு

செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
திரையில் நாலு கட்டம் திறந்து கிடக்கிறது:
மேற்கு, கிழக்கு, தெற்கு, வடக்கு.

முதல் தடவை அவசரத்தில்
அட்சரேகையைத் தீர்க்கரேகைக் கட்டத்தில் போட்டுவிட்டேன்.
எழுபத்தெட்டு வடக்கு, பத்து கிழக்கு.
காரைக்குடி போய்
துருவத்துக்குப் பக்கத்துப் பனிக்கடலில் விழுந்தது.
மென்பொருள் திட்டவில்லை.
கேட்ட அளவில் ஒரு கறுப்புச் சதுரம்
வெட்டிக் கொடுத்தது, நேர்த்தியாக.
சேவுகமூர்த்தி எட்டிப் பார்த்து
"கரண்ட் போயிருச்சா?" என்றான்.

மறுபடி.
எழுபத்தெட்டு புள்ளி ஏழு, எழுபத்தெட்டு புள்ளி ஒன்பது,
ஒன்பது புள்ளி ஒன்பது,
பத்து புள்ளி இரண்டு.

மாநிலம் முழுக்கப் பரந்திருந்த படம்
அரை மூச்சில் சுருங்கிற்று.
கானாடுகாத்தான் வந்தது, பள்ளத்தூர் வந்தது.
இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக
ஆறேழு பிக்ஸல் நீளத்துக்கு வீடுகள்.
எந்தப் பங்காளிக்கு எந்தப் பத்தி என்ற வழக்கெல்லாம்
இவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது.
ஓடும் வெயிலும் சேர்ந்து ஒரே எண்.

வடக்கு விளிம்பில்தான் மாட்டியது.
ஒரு கண்மாய்.
வெட்டுக்கோடு அதன் நடுவில் போகிறது.
மடையும் கலுங்கும் எனக்கு.
தண்ணீர் வரும் வழி புதுக்கோட்டைக்காரர்களுக்கு.
அங்கேயும் ஒரு மாடியில் யாரோ உட்கார்ந்து
இதே எண்ணைத் தெற்குக் கட்டத்தில் அடித்துக்கொண்டிருக்கலாம்.

"கொஞ்சம் நீட்டிடவா?"
"டெண்டர்ல என்ன இருக்கோ அதான், தெய்வானை.
நீட்டுனா பில்லு நிக்கும்."

எண்ணுக்கு அகலம் கிடையாது.
பிக்ஸலுக்கு உண்டு, பத்து மீட்டர்.
கோடு அதன் மேல் விழுந்தால்
மென்பொருள் பிளக்காது;
எடுத்துக்கொள்ளும், இல்லை விட்டுவிடும்.
இங்கே விட்டது.
அங்கேயும் விட்டிருந்தால்
கரைக்குக் கரை ஒரு வரிசைத் தண்ணீர்
இரண்டு மாவட்டத்துக் கணக்கிலும் இல்லை.

சேமி என்றேன். சேமித்தது.
மூன்று எம்பி.

சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
கையில் செல்போன், அதில் ஓடும் எண்கள்.
செருப்பைக் கரையில் விட்டு இறங்கி
பத்து புள்ளி இரண்டு என்று
எண் ஒருவழியாக நின்ற இடத்தில்
முழங்கால் தண்ணீர்.

எதிரே ஓர் எருமை படுத்திருந்தது,
தலை திருமயம் பக்கம்,
வால் எங்கள் பக்கம்.
என்னைப் பார்த்தது.
எழுந்திருக்கிற உத்தேசம் இல்லை.