கிளாசில் ஒட்டியது

பனிச்சங்கேணிப் பாலம் கடக்கையில்
என் ஸ்கூட்டிப் பைக்குள் இரண்டு கிளாஸ்
ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வரும்.
ஒன்று அகன்ற குட்டை. மற்றது ஒடுங்கிய நெட்டை.
ஒரு போத்தல் தண்ணீர்.
பதினாறு பக்கப் படிவம்.

வந்தாறுமூலையில் இரண்டு வருஷம்
சனி ஞாயிறாகப் படித்தது இது:
பிள்ளை படிப்படியாக வளரும்.
ஏழு வயது வரைக்கும்
உயரத்தைத்தான் அளவென்று நம்பும்.
குட்டையிலிருந்து நெட்டைக்கு ஊற்றிவிட்டு
"இப்ப கூடவா, குறைவா, அதேயளவா?" என்று கேள்.
"கூட" என்றால் இந்தப் படி.
"அதேயளவு" என்றால் அடுத்தது.
பரீட்சையில் எனக்கு எழுபத்தெட்டு.

கேதுஜனுக்கு ஆறேகால் வயது.
மீன்வாடிக்குப் பின்னால் தகரக் கொட்டில்,
வாசலில் நீலப் பரல் இரண்டு.
பவுசர் வெள்ளிக்கிழமை வரும்.
சில வெள்ளிக்கிழமை வராது.

ஊற்றினேன்.
நெட்டையை அவன் பார்க்கவேயில்லை.
நான் கீழே வைத்த வெறுங்கிளாசை எடுத்து
கவிழ்த்துப் பிடித்தான்,
காத்திருந்தான்.
ஒரு சொட்டு.
மறுகா இன்னொன்று.
"குறைவு மிஸ்.
கொஞ்சம் இதுக்க ஒட்டிக் கிடக்கு."

இந்தப் பரிசோதனையைக் கண்டுபிடித்தவர்
வீட்டில் குழாய் இருந்திருக்க வேண்டும்.

வதனமலருக்கு வெட்கம்.
"தண்ணியெண்டா இவன் இப்பிடித்தான் மிஸ்,
முகம் கழுவினாலும் கணக்குக் கேப்பான்."
படிவத்தில் இரண்டே பெட்டி: ஆம், இல்லை.
இரண்டையும் விட்டுவிட்டு
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
பிள்ளை சொன்னது சரி.

கச்சேரியில் ஓரங்களைத் தட்டச்சுச் செய்வதில்லை.
காலாண்டு அறிக்கை வந்தது.
வயதுக்கேற்ற விருத்தி எட்டாதோர்: பதினான்கு.
ஒன்பதாவது பெயர் அவனுடையது.

திருத்தக் கடிதம் எழுதினேன், அன்றிரவே,
மூன்று பந்தி, மேற்கோள்களோடு.
சேர் கையொப்பம் வைக்க வேண்டும்.
அவர் பயிற்சிக்குப் போய் வருவதற்குள்
எங்கிருந்தோ ஒரு நிறுவனம்
எட்டாத பதினான்கு பேருக்கும்
ஆறு மாதப் பால்மாவும்
ஒரு பை நிறக் கட்டைகளும் அறிவித்தது.
எட்டியவர்களுக்கு ஒன்றுமில்லை.

கடிதம் என் லாச்சிக்குள் கிடக்கிறது.

ஐப்பசியில் மறுபடி போனேன்.
பரல் மூடி பறக்காமல் இருக்க
மேலே கட்டைகளை அடுக்கியிருந்தார்கள்,
சிவப்பு, மஞ்சள், சிவப்பு.
தாய் கேத்தலை இறக்க
அவன் பால்மாக் கரண்டியின் தலையை
விரலால் வழித்து
மிச்சத்தைப் பெட்டிக்குள் தட்டினான்.
விரலை நக்கவில்லை. அதையும் தட்டினான்.

"மிஸ்,
அண்டைக்கு நான் பிழையாச் சொன்னதுக்கா
பால்மா தந்தாங்க?"

வாகரைப் பக்கம் வானம் இருட்டியிருந்தது.
வதனமலர் கேத்தலைக் கையில் பிடித்தபடி நின்றாள்.
பதினாறு பக்கப் படிவத்தில்
பதினேழாம் பக்கத்தைத் தேடுகிறவளைப் போல
நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.