தண்ணீர்க் காணி

கமநல நிலையத்துச் சுவரில்
பட்டியல் ஒட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை.
கேட்டவர்களில் நானும் ஒருவன்.
தகவல் அறியும் உரிமைப் படிவத்தில்
மூன்றாவது கையெழுத்து என்னுடையது,
பேனை ஆதம்பாவாவுடையது.

யார் யாருக்கு எவ்வளவு உரக்காசு போனதென்று
தம்பலகாமம் முழுக்க அறியவேண்டும் என்றோம்.
அறிந்தது.

நூற்றுப் பதினேழாம் வரி:
மூ. கோணாமலை. ஐந்து ஏக்கர். ஐம்பதாயிரம்.

நான் விதைப்பது ஒன்றரை.
அதிலும் அரை ஏக்கரைப் பெரும்போகத்தில்
யானை எனக்கு முன்னே அறுத்துவிடும்.
பதினையாயிரம் வந்தது. வந்த கையோடு
கிருமிநாசினிக் கடைக்குப் போனது.
மிச்சத்தை வாங்கிய கோணாமலையை
எனக்கும் ஒருதரம் பார்க்க ஆசை.

அன்று மத்தியானமே
தேநீர்க்கடைச் சவுந்தரம் கடன் கொப்பியைத் திறந்து
என் பக்கமாகத் திருப்பி வைத்தார்,
ஒரு சொல் இல்லாமல்.
திருவிழாக்காரர் என் துண்டில்
இரண்டாயிரத்தை வெட்டி ஐயாயிரம் எழுதினார்கள்.
யோகமலரின் தமையன் குச்சவெளியிலிருந்து போன் எடுத்தான்,
ஒன்பது வருடத்துக்குப் பிறகு.
"மச்சான், சுகந்தானே?"

வட்டையில் அறுபது ஏக்கர் செய்பவரின் பெயர்
பட்டியலில் எங்குமில்லை.
அவரைத் தேடி மேலிருந்து இறங்கிய விரல்கள்
என்னிடம் வந்து நின்றன.
சுவரில் இருப்பவன்தானே கள்ளன்.

புதிதாக வந்த உத்தியோகத்தர் நல்ல பிள்ளை.
இடாப்பைத் திறந்து காட்டினார்.
அங்கே என் கையெழுத்து,
என்னுடையதைவிட வடிவாக.
ஆனால் 'ணா'வுக்குக் கால் இல்லை,
பழைய காலத்துச் சுழி.
இந்த ஊரில் அந்தச் சுழியை இன்னும் போடுகிற கைகள்
ஏழெட்டு இருக்கும்.
ஒன்று கமக்கார அமைப்பின் காரியதரிசியுடையது.
ஒன்று என் ஐயாவுடையது;
அவர் எரிந்து பதினொரு வருடம்.

பிறகு காணித்துண்டின் இலக்கத்தை
வரைபடத்தில் தேடினோம்.
வயல் முடிந்தது. வாய்க்கால் முடிந்தது.
கண்டல் பற்றையும் முடிந்து
விரல் நின்ற இடம் குடா.
"வாப்பா, இவனுக்கு மூன்றரை ஏக்கர் தண்ணி!"
ஆதம்பாவா சிரிப்பை அடக்க
வெளியே ஓடவேண்டி வந்தது.

பொழுதுபடப் போனேன், பார்க்கத்தான்.
வற்று. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
முழங்கால் மட்டும் இறங்கினேன்.
காலடியில் சேறு, சேற்றுக்குள் மட்டி,
எட்டத்தில் ஒரு தோணி.
வலை இழுத்தவன் கேட்டான், "என்னண்ணை தேடுறியள்?"
எல்லைக்கல் என்றேன்.
கிறுக்கு என்று நினைத்திருப்பான்.
ஆனாலும் சொல்லவேண்டும்,
கொஞ்சநேரம் அது என்னுடையது போலத்தான் இருந்தது:
வரம்பில்லை, களையில்லை,
யானை வராது,
போகத்துக்கு முப்பத்தையாயிரம்.

இரவு இன்னொரு படிவம் எடுத்து
விளக்கடியில் வைத்தேன்.
'கோரப்படும் தகவல்' என்ற கட்டத்துக்குள்
என்ன எழுத?
சுழி போட்டவர் யார் என்று கேட்டால்
எந்தத் திணைக்களம் பதில் போடும்?

பழைய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில்
அந்தச் சுழியை நானும் போட்டுப் பார்த்தேன்.
ஒருதரம் நண்டு போல வந்தது.
ஒருதரம் கொக்கி போல.
ஐந்தாவதில் கொஞ்சம் படிந்தது.

பாய் விரிக்க வந்த யோகமலர்
குனிந்து பார்த்தாள்.
"முதலில் அதைக் கிழித்து அடுப்பில போடுங்கோ.
விடிஞ்சால்
நீங்கள்தான் போட்டதெண்டு சொல்லுவாங்கள்."