இரண்டு கோடுகள்

மே மாதம். கிசுமுத் துறைமுகத்தில்
ஏரி தன் அளவுக்கம்பத்தை விழுங்கிவிட்டது.
கடைசி எண்ணுக்கும் மேலே, பக்கத்துச் சுவரில்
சிவப்புப் பெயிண்டால் ஒரு கீறல் போட்டு
"இங்கே" என்று மட்டும் எழுதி வந்தேன்.

அலுவலக அலமாரியில் ஒரு பழைய தாள்.
எவனோ ஓர் எழுத்தன், வெள்ளைக்காரன் காலத்தவன்,
நீல மசியில் ஏரியின் மட்டத்தையும்
சிவப்பில் சூரியனின் கரும்புள்ளிகளையும்
வருடம் தப்பாமல் வரைந்திருக்கிறான்.
முப்பது வருடம்
ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் இரண்டும்.
புள்ளி பெருகினால் நீர் ஏறுகிறது,
புள்ளி கரைந்தால் கரை தெரிகிறது.
ஓரத்தில் பென்சிலால், தாள் பொத்துப்போக அழுத்தி:
"பிடித்துவிட்டேன்."

அதன்பின் நீலம் ஒரு பக்கம் போகிறது
சிவப்பு ஒரு பக்கம்.
இன்னும் ஏழு வருடம் விடாமல் வரைந்தவன்
ஒரு ஜூலையில் நிறுத்திவிட்டான்.
பென்சில் எழுத்தை அழிக்கவில்லை.

துங்காவில் அச்சோலா நியகுதியின் மீன் புகைக்கும் அடுப்பு
முழங்கால் நீரில் நிற்கிறது.
நேற்றிரவு தேவாலய வாசல்வரை வந்து போனதாம் நீர்யானை.
ஆகாயத்தாமரை அவள் படுக்கையறைக்குள் பூத்திருக்கிறது.
செங்கல் சுமந்தபடியே கேட்கிறாள்:
"சூரியனால்தான் என்று ரேடியோவில் சொன்னானே?"

இல்லையம்மா. இந்த வருடம் சூரியன்
துடைத்து வைத்த தட்டு.
ஒரு புள்ளி கிடையாது.

"பின்னே?"

கிழக்கே கடல் சூடேறிக் கிடந்தது.
மழை அங்கிருந்து வந்தது.

"கடலைச் சூடாக்கியது யார்?"

வாயைத் திறந்தேன்.
புகை, என்றேன். காற்று, என்றேன்.
சூரியனும்தான், என்று முடித்தபோது
அவள் அடுத்த செங்கலுக்குப் போய்விட்டிருந்தாள்.

காக்கை உட்கார்ந்தது நிஜம்.
பனம்பழம் விழுந்ததும் நிஜம்.
நடுவே அந்தக் காம்பு
ஒரு நூலிழை நடுங்கியதா இல்லையா
என்றுதான் அந்த எழுத்தன்
ஏழு வருடம் கேட்டுக்கொண்டிருந்தான் போல.

பதினைந்து கோடிக் கல் தொலைவில்
ஒரு முகம் கறுத்து வெளுக்கிறது.
இங்கே ஒருத்தி
வீட்டுப்படியை நான்கு வரிசை உயர்த்துகிறாள்.
இரண்டுக்கும் ஒரு கோடு போடக் கை துறுதுறுக்கிறது.

புதுக் கம்பம் வந்தது. நட்டோம்.
இரண்டு மீட்டர் கூடுதலாக எண்கள் எழுதினேன்.
ஏன் இரண்டு என்று மேலதிகாரி கேட்டார்.
தெரியாததற்கு இரண்டு, என்றேன்.

பழைய தாளை மடிக்காமல் உள்ளே வைத்தேன்.
சிவப்பு மசிப்புட்டியில் இன்னும் கொஞ்சம்,
காய்ந்து,
அடியில்.