கேள்வி எண் ஒன்பது

ஆல்டர்ஷா நூலகத்தின் பின்னறை.
மூன்று சனிக்கிழமை அங்கே உட்கார்ந்திருந்தேன்
ஒரு வரைபடத்தோடும், நூலில் கட்டிய பேனாவோடும்,
தலைப்பில் பசை போட்ட படிவக் கட்டோடும்.
நிலத்தை வாங்கிய கம்பெனி வேலி போட்டுவிட்டது.
பாதை பொதுப்பாதைதான் என்றால்
இருபது வருடக் காலடியைக் காட்டு என்கிறது சட்டம்.

தண்டவாளத்தை அறுபத்தாறிலேயே பெயர்த்து
எடைக்குப் போட்டார்கள்.
பக்கத்தில் ஒட்டி வந்த ஒற்றையடிப் பாதைக்கு
எடை இல்லை. கிடந்தது.
இன்ஜின்கள் கக்கிய கரிக்கசடு; எத்தனை யார்க்ஷயர் மழைக்கும்
சேறாகாது. காலுறை மட்டும் கறுக்கும்.

பெயரிலேயே தகராறு.
மேல்தெருக்காரர்களுக்கு அது சாம்பல்சந்து.
கீழ்த்தெருவில் புறாவழி:
வெள்ளிக்கிழமை மாலைகளில் பிரம்புக் கூடைகளில்
பந்தயப் புறாக்களைச் சுமந்துபோய் ரயிலேற்றுவார்களாம்.
நூறு மைல் தள்ளி ஏதோ ஒரு போர்ட்டர்
கூடையைத் திறந்து, நேரம் குறித்து,
காலிக் கூடையைத் திருப்பி அனுப்புவான்.
"கூடை வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே
புறா வந்து சோளம் தின்னுட்டிருக்கும்"
என்றார் ஆர்னால்ட் மிட்ஜ்லி.
எந்த வருடம் என்று கேட்டேன். புறாவின் பெயரைச் சொன்னார்.

நெட்டி கிராப்ட்ரீ, மூன்றாம் மைல்கல்லருகே
ஒரு பெருக்கல்குறி போட்டு, காரணம் எழுதாமல் விட்டார்.
அவர் கணவரின் வரைபடத்தில்
அந்த இடம் வெறுமையாக இருந்தது.

டோர்கஸ் ஹெப்பிள்வைட்டுக்கு வருடம் தெரியும்.
ஐம்பத்தெட்டு, ஜனவரி, மூத்தவனுக்குக் கக்குவான்.
பிள்ளைவண்டியைத் தள்ளிக்கொண்டு
டாக்டர் வீட்டுக்குக் குறுக்கே போக வந்தார்.
ஸ்டேஷன் மாஸ்டர் துவெய்ட்
பனியில் இறுகிய கதவைத் தோளால் தள்ளித் திறந்து
பிடித்துக்கொண்டு நின்றாராம்.
"போம்மா. இனி எப்ப வேணும்னாலும் போ."

கேள்வி எண் ஒன்பது:
எவரேனும் உங்களுக்கு அனுமதி அளித்தது உண்டா?

உண்டு என்றால் சாட்சி செல்லாது.
கேட்டு நடந்த நடை வேறு, கேளாமல் நடந்த நடை வேறு;
உரிமை பின்னதற்குத்தான்.
விளக்கினேன். இரண்டு முறை விளக்கினேன்.
"அந்த மனுஷன் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.
இல்லேன்னு எழுதவா?"
உண்டு என்ற கட்டத்தில்
தாள் கிழிந்துவிடும்போல் அழுத்திக் குறியிட்டார்.
கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்தவர் கரம்தாத்.
அறுபத்து மூன்றில் மிர்பூரிலிருந்து,
கம்பளி ஆலையில் இரவு ஷிப்டு.
ரயில்வேக்காரர்கள் வருடத்தில் ஒரே ஒரு நாள்,
புனித வெள்ளியன்று, கதவைப் பூட்டுவார்கள்,
வழி எங்களுடையது என்று ஊருக்கு நினைவூட்ட.
ஊருக்குத் தெரியும். அவருக்கு யார் சொன்னார்கள்?
விடியற்காலை ஆறரை மணி, கையில் சாப்பாட்டு டப்பா,
எதிரே பூட்டு.
"ஏறிக் குதிச்சேன். பேன்ட் கிழிஞ்சது.
பூட்டு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."
அடுத்த வருடம்?
"அடுத்த வருஷமும் கெட்டுப்போச்சு."
ஒன்பதில் இல்லை என்று குறித்தார்,
சிரிக்காமல்.

விசாரணை அக்டோபரில். வக்கீலுக்கு
நாற்பத்தோரு படிவங்கள் அனுப்பினேன்.
டோர்கஸுடையது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.
பாதை ஜெயிக்க வேண்டுமானால்
துவெய்ட் என்று ஒருவர் அந்தப் பனியில்
நிற்காமல் இருந்திருக்க வேண்டும்.

அனுப்புமுன் ஒருமுறை விளக்கடியில் புரட்டினேன்.
கரம்தாத்தின் தாளில், ஒன்பதாம் கேள்விக்கு நேரே,
அவர் போட்ட இல்லைக்குப் பக்கத்துக் கட்டத்தில்
மையில்லாத ஒரு பள்ளம்:
மேல்தாளில் டோர்கஸ் அழுத்திய உண்டு.
விரலால் தடவிப் பார்த்தேன்.
நகத்தால் நீவினால் போயிருக்கும்.
உறைக்குள் வைத்து ஒட்டினேன்.