எட்டில் ஒரு பங்கு

மாரி பிஸ்கட்டை எட்டாய் உடைக்க
எனக்கு இப்போது கை பழகிவிட்டது.
கத்தி கூடாது, தூளாகிப் போகும்.
பெருவிரல் நகத்தால் நடுவில் ஓர் அழுத்து.
பிறகு பாதியைப் பாதி,
அந்தப் பாதியையும் பாதி.

நாவலையில் ஷிரோமி மிஸ்
தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லித் தந்தா:
"சின்னதாக் குடுங்க. உடனே குடுங்க.
மூணு செக்கன் போனா
எதுக்குக் கிடைச்சதுன்னு பிள்ளைக்கு விளங்காது."

மூன்று செக்கன்.
வெள்ளவத்தை ஐந்தாம் மாடியில்
கடற்கரைக் கோச்சி ஒன்று
யன்னலைக் கடக்கவே அதைவிட நேரமாகும்.
கோச்சி போய் முடியும்வரை
ஆரூரன் எங்களுக்குச் சொந்தமில்லை.
விரல்கள் கம்பியில்,
பெட்டிகளின் தாளம் முழங்காலில்.
அதற்குப் பிறகுதான் பாடம்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாளில்
அவனுடைய நாள்கள் கட்டம் கட்டமாய் நிற்கின்றன.
தானாகச் செய்தால் ஒரு சரி.
கை பிடித்துச் செய்வித்தால் 'உ'.
செய்யாவிட்டால் கோடு.
ஊரார் கணக்கெல்லாம் பார்த்துவிட்டு வந்து
இரவு பத்து மணிக்கு கேதீஸ் இதையும் கூட்டுவார்:
"நேற்று நாற்பது வீதம். இன்றைக்கு முப்பத்தைந்து."
தொலைந்த ஐந்து வீதம்
சோபாவுக்குக் கீழே உருண்டு கிடக்கிறதைப் போல
இருவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

முதற்பாடம் "என்னைப் பார்".
என் புருவத்துக்கு நேரே துண்டைப் பிடித்தேன்.
பார்த்தான், பிஸ்கட்டை.
மூன்றாம் கிழமை என் கண்ணையே பார்த்தான்,
வெயிலைப் பார்க்கிறவன்போலக் கூசி,
இமையோரம் நீர் கட்ட.
"கெட்டிக்காரன்!" என்று கை தட்டினேன்.
தட்டிய சத்தத்துக்குக் காதைப் பொத்தினான்.
அந்தக் கட்டத்தில் சரியா போடுவது?
அடுத்த முறை மிஸ்ஸிடம் கேட்டேன்:
யாருக்காக அவன் பார்க்கவேணும்?
அவ கொஞ்சம் யோசித்தா.
பிறகு என் தாளிலும் தன் தாளிலும்
அந்த வரியை வெட்டிவிட்டா.

எல்லாவற்றையும் வெட்ட முடியாது.
காலி வீதி சுப்பர்மார்க்கட்டில்
நீல மூடிப் போத்தல் கேட்டு நிலத்தில் விழுந்தான்.
இன்றைக்குக் கொடுத்தால்
நாளைக்கு இன்னும் பலமாய் விழுவான், பாடம் அப்படி.
இருபத்திரண்டு நிமிடம்
பருப்புச் சாக்குகளின் பக்கத்தில்
அவனைத் தொடாமல், பார்க்காமல்
முகத்தைக் கல்லாக்கி இருந்தேன்.
"பபாட்ட அசனீபத?" என்று காவலாளி குனிந்தார்.
"நே" என்றேன்.
தெரிந்த பெண் ஒருத்தி
தெரியாதவள்போல வண்டியைத் திருப்பினாள்.
வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
அழுதேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

சிவப்பு உள்ளங்கை வரைந்த அட்டை
'போதும்'.
இதைக் கற்பிக்கத்தான் எனக்கு ஆசையாய் இருந்தது.
அட்டையைத் தந்தால் எதையும் நிறுத்துவோம்,
மிக்சியை, மின்விசிறியை, என் பாட்டை.
பாட்டுத்தான் முதலில் நின்றது.

போன வியாழன் மழை.
முப்பத்தொரு வீதம்.
"நீர் விட்டுக்கொடுக்கிறீர்" என்றார் கேதீஸ்.
"நீங்கள் வந்து இருந்து பாருங்கோ ஒரு நாள்" என்றேன்.
பிறகு இருவரும் சொன்னவற்றை
எழுத மாட்டேன்.
குரல்கள் கூரைக்கு ஏறியபோது
ஆரூரன் அறையிலிருந்து வந்தான்.
எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.
அட்டையைத் தகப்பனின் சட்டைப் பையில் செருகினான்.

கேதீஸ் வாயை மூடினார்.

உடனே, மூன்று செக்கன்கூட இராது,
தகரப் பேணி திறந்த சத்தம்.
ஒரு பிஸ்கட்டை முறித்தான்,
எட்டாய் அல்ல, கோணலாய் இரண்டாய்.
சின்னத் துண்டைத் தகப்பனின் உதட்டில் அழுத்திவிட்டு
பெரியதைத் தான் தின்றான்.

"எனக்கு?" என்று கேட்டேன்.
நான் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தேன் போலும்.
எனக்குக் கிடைக்கவில்லை.