கொழுப்பு மூன்று தசம் ஒன்று

கிரான் பால் நிலையத்தில்
காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்குவது நான்.
தராசு, கண்ணாடிக் குழாய்கள், பாலில் மிதக்கவிடும் அளவுகோல்,
ஒரு பேரேடு, தேய்ந்துபோன கார்பன் தாள்.
தண்ணீர் கலந்தது யார், நேற்றைய பாலைச் சேர்த்தது யார்,
முகம் பார்க்காமல் சொல்வேன்.

கதிராமத்தம்பியின் பாலில் தண்ணீர் இல்லை.
இருந்தும் கொழுப்பு மூன்று தசம் ஒன்று.
அவருடைய தம்பிக்கும் அதே கலப்பின மாடு,
அதே புல், அதே புண்ணாக்கு.
அது நாலுக்கு மேலே நிற்கிறது.
லீற்றருக்குப் பதினெட்டு ரூபா குறைத்து எழுதினேன்,
ஒரு நாளல்ல, ஐம்பது நாள்.
துண்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார்.
வாசிப்பதில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.
"கடைசிப் பாலைக் கண்டுக்கு விட்டிர்ற புள்ள."

எனக்கு அது பாடத்தில் வந்தது.
முதலில் இறங்குவது மெல்லிய பால்.
தடித்தது மடியில் பின்தங்கிக் கிடந்து
முடிவில்தான் வரும்.
ஊர் வழக்கம் அதற்கு நேர்மாறு:
கன்றை முந்தி விடு, நாலு முட்டு முட்டட்டும்,
தாய் சுரந்ததும் கழுத்துக் கயிற்றை இழுத்து
அவள் முன்னங்காலோடு கட்டு.
அவள் குனிந்து கன்றை நக்கிக்கொண்டிருப்பாள்.
பால் வாளிக்குள் விழுந்துகொண்டிருக்கும்.
அந்தக் கயிற்றின் நீளத்துக்கு
என் பேரேட்டில் நிரல் இல்லை.

நல்ல மனிதர் என்று வீட்டில் சொன்னேன்.
பத்மகரன் சோற்றிலிருந்து கையெடுக்காமல் கேட்டான்:
"நாம்பனா, நாகா?"

அதையும் மறுநாள் கேட்டேன்.
"நாம்பன்தான் புள்ள.
புரட்டாதிக்குள்ள உடம்பு வைக்கோணும்.
லொறிக்காரன் அச்சாரம் தந்திட்டான்."
கான் வாயில் நின்ற நுரையைப் பெருவிரலால் வழித்தார்.
"வைச்சு என்ன செய்யிற? மேய விட எங்க தரை கிடக்கு?
தம்பியிட நாம்பன் ஒண்டு போன கிழமை
காலில சுருக்குக் கம்பியோட வந்து படுத்திச்சு.
பிறகு எழும்பல்ல."

அன்று கார்பன் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
பதினெட்டு ரூபா, ஒன்பது லீற்றர், ஐம்பது நாள்:
எண்ணாயிரத்து நூறு.
லொறிக்காரன் அந்தக் கன்றுக்கு
அவ்வளவு கூட்டித் தரப்போவதில்லை.
கதிராமத்தம்பி கணக்குத் தெரியாதவரும் இல்லை;
சில்லறை ஐந்து ரூபா குறைந்தாலும்
கவுண்டரை விட்டு நகரமாட்டார்.
அப்படியென்றால் இரக்கமா, வியாபாரமா,
எந்தப் பக்கம் எழுதுவது?
தாளைத் திருப்பிப் போட்டேன்.

புரட்டாதி முதல் கிழமை, வியாழன்.
நான்கு தசம் மூன்று.
குழாயைக் கழுவி மறுபடி பார்த்தேன்.
நான்கு தசம் மூன்று.
பாலும் ஒன்பதல்ல, பத்தரை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவர் முதன்முறையாகத் துண்டை விரித்து வாசித்தார்,
வெளிச்சத்துக்குப் பிடித்து, இரண்டு தரம்.
"ராவு முழுக்கக் கத்தல் புள்ள.
விடியக் கையை வைச்சன்.
கத்திக் கத்திச் சுரக்குது."
மடிக்காமல் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு
சைக்கிளைத் தள்ளியபடி போனார்.
ஏறி ஓட்டவில்லை.

பேரேட்டின் கடைசி நிரல் 'குறிப்பு'.
நான் வந்து ஏழு வருடம், அதில் யாரும்
ஒரு எழுத்தும் எழுதியதில்லை.
'நாம்பன்' என்று எழுதினேன்.
பவுசர் சாரதி கையொப்பமிட வந்தவன்
விரலை வைத்து "இது என்ன?" என்றான்.
"கொழுப்பு ஏன் கூடினது எண்டு காரணம்."
தலையாட்டிவிட்டுக் குழாயைப் பூட்டப் போனான்.
அறுநூற்றுச் சொச்சம் லீற்றரில்
அந்தப் பத்தரையை இனி யாராலும் பிரிக்க முடியாது.

பத்து மணிக்குத் தேநீர்.
சேகரித்த பாலில் நாங்கள் கைவைக்கக் கூடாது.
நிலையத்தில் எப்போதும் பால்மாதான்,
கடல் தாண்டி வந்த பொதி.
அது எந்த மாடு, அதன் கன்று நாம்பனா நாகா,
அங்கே கட்டுவது கயிற்றிலா கம்பியிலா,
பொதியின் பின்பக்கம் புரதமும் கல்சியமும் மட்டும்.
கலக்கினேன். ஒரு கட்டி கரையாமல் சுற்றியது.
கரண்டி முதுகால் நசித்துவிட்டேன்.
ஒரு வாய் குடித்தேன்.
சீனி காணாது போலிருந்தது.
இன்னொரு கரண்டி போட்டேன்.